மரபணு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்ட மகளுக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அம்மாவுக்கு 47 வயதில் மார்பகப் புற்றுநோய், ஆபரேஷனும் கீமோவும் முடிந்துவிட்டன. டாக்டர் எழுதிக்கொடுத்த மரபணு சோதனையில் பிஆர்சிஏ-2 என்ற மரபணுவில் நோய் தரக்கூடிய மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. உங்களுக்கு 24 வயது, மாமா மகனோடு கல்யாணப் பேச்சு நடக்கிறது. அம்மாவின் தங்கை, உங்கள் சித்தி, அவருக்கு 41 வயது, அவரிடம் வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை. "ஆளுக்கு ஏற்ற மருத்துவம், பெர்சனலைஸ்டு மெடிசின் என்கிறார்களே, இதில் உண்மையிலேயே நன்மை இருக்கிறதா, இல்லை வம்பை விலைக்கு வாங்குகிறோமா? நான் டெஸ்ட் எடுக்கலாமா?"

எடுக்கலாம், ஆனால் நாளைக்கே ஓட வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக மரபணு ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மருத்துவத்தின் பெயரிலேயே ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆளுக்கு ஏற்ற மருத்துவம் என்கிறார்கள், ஆனால் மரபணு ஓர் ஆளுக்குச் சொந்தமானதில்லை. அது கூட்டுப் பட்டா. நிலத்தில் கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும், இங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுத்தால் போதும், அக்கா தங்கை, அண்ணன் தம்பி, பிள்ளைகள், இன்னும் பிறக்காதவர்கள் என்று எல்லோருடைய சங்கதியும் கொஞ்சம் கொஞ்சம் வெளியே வந்துவிடும். இதன் நன்மையும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

நன்மையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவரிடம் மயக்க மருந்து டாக்டர் வழக்கமான கேள்விகளை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சுகர் இருக்கா, பல் ஏதாவது ஆடுதா, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆகியிருக்கா. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஐயா, தப்பா நினைக்காதீங்க, நீங்க ஆரிய வைசியச் செட்டியாருங்களா?" என்றார். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "கத்தி வைக்கிற இடத்துலயும் அதைக் கேக்கணுமா டாக்டர்?"

டாக்டர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. தொண்டையில் குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி ஒன்று உண்டு, ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கோலின் என்பார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்துவிடுவதால் ஐந்து பத்து நிமிடத்தில் அதன் வேலை முடிந்து தசைகள் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை அசையாது. வென்டிலேட்டரில் வைத்துப் பார்த்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் எதிர்பாராமல் நடந்தால் ஆபத்து. ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குக் காரணமான மரபணு எழுத்து மாற்றத்தைக் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்டார்கள்.

இதில் அந்தச் சமூகத்தின் குற்றம் எதுவும் இல்லை. சில நூறு பேரிலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த எந்தக் குழுவிலும் ஏதோ ஓர் அரிய மாற்றம் பெருகித்தான் இருக்கும். ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2017-ல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். அதில் 81 குழுக்களிடம், சிலரிலிருந்து மட்டும் பெருகிய இந்த ஒடுக்கம் பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விடக் கடுமையாக இருந்தது. அந்த இரண்டு இனத்தாரைத்தான் உலகப் பாடப்புத்தகங்கள் இதற்கு உதாரணமாகக் காட்டும். நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய உதாரணங்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. கூடவே அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் நடக்கும் கல்யாணம் தமிழ்நாட்டில் இன்றும் கால்வாசிக்குக் குறையாமல் இருக்கிறது.

அந்தப் பெரியவரின் கோபம் நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். டாக்டரின் பயமும் நியாயம். சாதியைக் கேட்டு மருந்தை முடிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு குறி பார்க்கிற மாதிரி. கலப்புத் திருமணத்தில் பிறந்தவர், பெயரை மாற்றிக்கொண்டவர், சொல்ல விரும்பாதவர், எல்லோரும் அதில் தப்பிப்போவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை அந்தக் கேள்வியையே தேவையில்லாமல் ஆக்கிவிடும். சாதியை விட்டுவிட்டு உடம்பைக் கேட்பது. மரபணு மருத்துவத்தின் மேல் எனக்கிருக்கும் முதல் பிரியம் இதனால்தான்.

இதே மாதிரி மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள பொருத்தம் பார்ப்பதுதான் இன்றைக்கு, இந்த நிமிடம், சாதாரண ஜனங்களுக்குப் பயன்படக்கூடியது. செய்தியில் வராது, ஆனால் உயிரைக் காக்கும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மெர்காப்டோபியூரின் என்ற மாத்திரையை வருடக்கணக்கில் கொடுப்பார்கள். சில குழந்தைகளுக்கு அதே அளவு கொடுத்தால் வெள்ளை அணுக்கள் தரைமட்டமாகி, சாதாரணக் காய்ச்சல்கூட உயிரை எடுத்துவிடும். ஐரோப்பியக் குழந்தைகளிடம் இதற்குக் காரணமான டிபிஎம்டி மரபணுவை முன்பே கண்டுபிடித்து டெஸ்டும் வந்துவிட்டது. ஆசியக் குழந்தைகளில் பலருக்கு அந்த டெஸ்ட் நார்மல் என்று வரும், குழந்தை மட்டும் துவண்டுபோகும். காரணம் நம் பக்கத்தில் அதிகமாக இருக்கும் இன்னொரு மரபணு, என்யுடிடி-15. அதைக் கொரியாவில் கண்டுபிடித்தது 2014-ல்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் மாற்றம் இருக்கும் குழந்தைக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் போதுமானதாக இருக்கலாம்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரை இன்னொன்று. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு அது உடம்புத் தோல் முழுவதையும் தீக்காயம் பட்டதுபோல் உரித்துவிடும். ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது, நான் பார்த்திருக்கிறேன். தைவானில் மருந்து ஆரம்பிக்கும் முன்பே கிட்டத்தட்ட 4,900 பேருக்கு டெஸ்ட் எடுத்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது: ஒருவருக்குக்கூடத் தோல் உரியவில்லை. சிங்கப்பூரில் 2013 முதல் புதிதாக அந்த மாத்திரை ஆரம்பிக்கும் ஆசிய வம்சாவளியினருக்கு, அங்குள்ள தமிழர்கள் உட்பட, முதலில் டெஸ்ட், பிறகுதான் மாத்திரை.

ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்குக் கொடுக்கும் கிளோபிடோக்ரல் கதையும் அப்படியே. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும். லண்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டோருக்கு மரபணு காரணமாக அந்த மாற்றும் வேலை மந்தமாக இருந்தது. நம் ஊரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட எத்தனை அப்பாக்கள் இந்த மாத்திரையை நம்பிக்கையோடு விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால், இது ஏன் இங்கே வழக்கமான டெஸ்டாக ஆகவில்லை என்று ஆத்திரம்தான் வருகிறது.

சரி, இங்கேயே முதல் சங்கடமும் ஆரம்பிக்கிறது. நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய உலக ஆய்வுகளில் பங்குகொண்டவர்கள் யார் என்று 2019 வாக்கில் கணக்கெடுத்தபோது, 78 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அளவுகோலே அவர்கள் உடம்பை வைத்துச் செய்தது. அதனால் நம்மவர்களின் ரிப்போர்ட்டில் "அர்த்தம் தெரியாத மாற்றம்" என்ற வரி அதிகமாக வரும். மாற்றம் இருக்கிறது, நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். ஒரு பெண்மணி, முப்பதுகளில் இருப்பவர், இந்த மாதிரி ரிப்போர்ட்டோடு வந்தார். எங்கேயோ ஒரு லேபில் எடுத்தது, கூப்பிட்டு உட்கார வைத்து விளக்க யாரும் இல்லை, மெயிலில் பிடிஎஃப் மட்டும் வந்திருக்கிறது. இரண்டு மார்பையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, குழந்தைகளை யாரிடம் விடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். பொறுங்கள் என்று சொல்லவே எங்களுக்கு மூன்று சந்திப்புகள் ஆயின. சில வருடம் கழித்து அதே லேப் அந்த மாற்றத்தைத் "தீங்கற்றது" என்று திருத்தி அனுப்பியது. திருத்தி அனுப்பிய கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. அது தவறும் இல்லை, அறிவு வளர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இடைப்பட்ட வருடங்களில் அவர் தூங்காத இரவுகளை யார் கணக்கில் எழுதுவது?

இதைச் சரிசெய்ய வேலை நடக்காமல் இல்லை. இந்தியாவின் 83 குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறார்கள், ஃபரிதாபாத்தில் சேமித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2009-ல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் பங்குகொண்ட ஆய்வு ஒன்று இதயத் தசை மரபணுவில் 25 எழுத்து விடுபட்டுப்போன மாற்றம் ஒன்றைக் காட்டியது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளைத் தவிர வேறெங்கும் அநேகமாகக் கிடையாது. அன்றைக்குப் பெரிய பீதி. பிறகு வந்த ஆய்வுகள், அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் இதயம் கெடுவதில்லை, கூட இன்னொரு மாற்றம் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து கூடுகிறது என்கிற பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. மரபணுவில் ஒன்று இருக்கிறது என்பதும் நோய் வரும் என்பதும் ஒன்றில்லை, இதை நான் வாரத்துக்கு ஐந்து தடவையாவது சொல்கிறேன்.

அப்புறம் எல்லோரும் ஆசையோடு கேட்கும் மரபணு சிகிச்சை. வேலூர் சிஎம்சியில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா என்ற பிறவி நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்து, உறைவுக் காரணியைச் செய்யும் மரபணுவை அதில் சேர்த்துத் திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. சிகிச்சைக்குப் பிறகு ஐந்து பேரில் யாருக்கும் ரத்தக்கசிவு இல்லை. முழங்கால் வீங்கி வீங்கி நடக்க முடியாமல்போன ஹீமோபிலியா பையன்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் கனம் தெரியும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு குழந்தை, 2024 ஆகஸ்டில் பிறந்தது, புரதம் செரித்தபின் வரும் அம்மோனியாவை வெளியேற்ற முடியாத பிறவிக் குறை. அந்த ஒரு குழந்தையின் ஒரே ஓர் எழுத்துப்பிழைக்காக ஆறு மாதத்தில் ஒரு மருந்து செய்து 2025 பிப்ரவரியில் ஏற்றினார்கள். முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிந்தது, ஜூனில் வீட்டுக்குப் போனது. உலகத்தில் வேறு யாருக்கும் பயன்படாத மருந்து, ஆளுக்கு ஏற்ற மருத்துவம் என்ற பெயருக்கு முழுசாகப் பொருந்துவது இதுதான். ஆனால் இதே ஊரில் 1999-ல், இதே அம்மோனியாக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோய்க்கு மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் சேர்ந்த 18 வயதுப் பையன் ஜெஸ்ஸி கெல்சிங்கர் நான்கு நாளில் இறந்துபோனான். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலும் மாத்திரையிலும் ஓரளவு நன்றாகவே இருந்தவன். முன்பு குரங்குகள் இறந்த விஷயம் ஒப்புதல் படிவத்தில் இல்லை, தலைமை ஆய்வாளருக்கு அந்தத் தொழில்நுட்பத்தின் நிறுவனத்தில் பங்கு இருந்தது. ஒரே ஊர், இடையில் 25 வருடம். அந்தப் பையனின் சாவு கற்றுக்கொடுத்த எச்சரிக்கையின் மேல்தான் இந்தக் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

விலையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவுக்கான ஊசி 2019-ல் 21 லட்சம் டாலருக்கு வந்தது. "16 கோடி ரூபாய் ஊசி" என்று கைக்குழந்தையின் படத்தோடு உங்கள் போனுக்கும் செய்தி வந்திருக்கும். அரிவாள் செல் சோகைக்கான மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது, விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டது எங்கே தெரியுமா? 1952-ல், நம் நீலகிரி மலைப் பழங்குடிகளிடம். எழுபது வருடமாக அந்த நோயோடு வாழும் இருளர், பணியர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சிகிச்சை எட்டுமா? பக்கத்து ஊர்க் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுகிற மாதிரி, யாரோ நன்கொடை கொடுத்தால் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்காது என்ற நிலைமையை மருத்துவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலூர் மாதிரி இங்கேயே செய்தால்தான் விலை இறங்கும். மும்பை ஐஐடியும் டாட்டா மெமோரியலும் உருவாக்கிய, ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சை அமெரிக்க விலையில் சிறு பங்குக்கு இங்கே கிடைக்கிறது, ஆனால் அந்தச் சிறு பங்கும் பல லட்சம்.

இனி கூட்டுப் பட்டாவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற சிறிய பழங்குடி இனம். சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு என்று 1990-களில் ரத்தம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் அதே ரத்தத்தை மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தியது, கேட்கவே இல்லை. அவர்களோ தாங்கள் வாழும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலேயே தோன்றிய இனம் என்று நம்புகிறவர்கள். வழக்குப் போட்டு, 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு உறைந்த ரத்தக் குப்பிகளையும் திரும்ப வாங்கிப் பிரார்த்தனை செய்து எடுத்துப்போனார்கள். நம் மலைகளிலும் ரத்தம் எடுக்கிற முகாம்கள் நடக்கின்றன, எடுப்பது நல்ல காரணத்துக்குத்தான். ஆனால் எடுத்த குப்பி எங்கே போகிறது, எத்தனை வருடம் இருக்கும், அடுத்த ஆய்வுக்குத் திரும்பக் கேட்பார்களா என்று அவர்கள் மொழியில் சொல்கிறோமா? கைநாட்டு வாங்குவது ஒப்புதல் வாங்கியதாக ஆகிவிடாது.

2018-ல் கலிபோர்னியாவில் ஒரு பழைய தொடர் கொலைகாரனைப் பிடித்தார்கள். அவன் எந்த நிறுவனத்துக்கும் எச்சில் கொடுத்ததில்லை. வம்சாவளி தேடும் ஆர்வத்தில் தங்கள் மரபணுத் தகவலை ஏற்றிவைத்த தூரத்து உறவினர்கள் வழியாகப் பிடிபட்டான். கொலைகாரன் பிடிபட்டது நல்லது. ஆனால் பாருங்கள், யாரோ ஒரு பங்காளி விளையாட்டுக்குச் செய்தது போதும், நாம் தேடினால் கிடைக்கிறவர்களாகிவிடுகிறோம். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-ல் 69 லட்சம் பேரின் தகவல் திருடுபோனது, 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தபோது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பேரின் மரபணுத் தகவல் விற்பனைக்கு வரும் சொத்தாக நின்றது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், ஜீன் திருடுபோனால் மாற்ற முடியாது, உங்கள் பேரப்பிள்ளையாலும் முடியாது. இங்கே 2019-ன் தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தகவல் என்று தனியாகப் பிரித்துப் பாதுகாப்புச் சொல்லியிருந்தது, 2023-ல் சட்டமாக வந்தபோது அந்தப் பிரிவு காணாமல்போனது. இது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்காவில் 2008 முதல் சட்டம் உண்டு, மரபணு டெஸ்டை வைத்து ஹெல்த் இன்சூரன்ஸ் மறுக்கக்கூடாது, வேலையும் மறுக்கக்கூடாது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டமே இல்லை. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், இதயத் தசை தடிப்பு நோய் உள்ள ஒருவர் வழக்கில், "மரபணுக் கோளாறுகளுக்குக் காப்பீடு கிடையாது" என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது பாரபட்சம் என்றது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதைக் காரணம் காட்டிக் கிளெயிமை மறுக்கக்கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆணையத்தின் சுற்றறிக்கை வேறு, நாடாளுமன்றத்தின் சட்டம் வேறு. நான் வருகிறவர்களிடம் சொல்வது, டெஸ்டுக்கு முன்பே ஹெல்த் பாலிசியும் டேர்ம் பாலிசியும் எடுத்துவிடுங்கள், விண்ணப்பத்தில் குடும்ப நோய் வரலாறு கேட்டால் உள்ளதை எழுதுங்கள், மறைக்காதீர்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

இத்தனைக்கும் நான் அதிகம் பயப்படுவது கம்பெனிகளைப் பார்த்து அல்ல, கல்யாணத் தரகரைப் பார்த்து. என் அறையில் குடும்ப மரம் வரைவோம், ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களைக் கறுப்பாக அடைப்போம். ஒரு தாய் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், பெண்ணைக் குறிக்கும் வட்டத்தை நான் பாதி அடைத்ததும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "இதை அடைக்காம விட முடியாதாம்மா? ரிப்போர்ட்ல பேர் போடாம குடுக்க மாட்டீங்களா?" அந்தப் பெண் கேரியர் மட்டும்தான், அதாவது இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும் மாற்றம் உள்ளவர், வாழ்நாள் முழுக்க ஒரு தலைவலிகூட அதனால் வராது. கேரியர் என்பதும் நோயாளி என்பதும் வேறு என்று எத்தனை தடவை சொன்னாலும், மாப்பிள்ளை வீட்டு வாசலில் அது ஒன்றாகிவிடுகிறது. அதிலும் பெண்ணின் ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறார்கள், பையனுடையதைக் கேட்பதில்லை. மத்திய அரசு 2023-ல் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதித்து அட்டை கொடுக்கிறார்கள். இரண்டு கேரியர்கள் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு என்பதால் அந்த அட்டைக்குப் பயன் உண்டு. அந்த அட்டை யார் கையில் இருக்கிறது, யார் கேட்டால் காட்ட வேண்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு நான் அறிந்ததில் நல்ல வழி நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி யூதர்களிடம் இருக்கிறது. டே-சாக்ஸ் என்ற நோய்க்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு யூத குரு, 1980-களில் டோர் யேஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களும் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணக்காரர்கள்தான். பள்ளிப் பருவத்திலேயே ரத்தம் எடுப்பார்கள், பெயருக்குப் பதில் ஓர் எண். முடிவை யாருக்கும், அந்தப் பிள்ளைக்கேகூட, சொல்வதில்லை. சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்ணையும் சொல்லிப் போன் செய்தால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். ஒருவர் கேரியராக இருந்து மற்றவர் இல்லாவிட்டால் பொருந்தும் என்றே சொல்வார்கள், யாருக்கும் முத்திரை விழாது. தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாமல் வைப்பது சரியா என்று அதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். இருந்தாலும் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம் ஊருக்கு இந்த ஏற்பாட்டை யாராவது முயன்று பார்த்தால் எத்தனை பெண்கள் தப்பிப்பார்கள் என்று நினைக்காத நாள் இல்லை.

இப்போது உங்கள் வீடு. பிஆர்சிஏ-2 மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய்க்கு சுமார் 17. அம்மாவுக்கு இந்த ரிப்போர்ட் இன்னொரு வகையிலும் உதவும், ஓலாபரிப் மாதிரியான மாத்திரைகள் இந்த மாற்றம் இருப்பவர்களின் புற்றுநோய் செல்லைக் குறிவைத்து அடிக்கும், அது அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்களுக்கு அந்த மரபணு மாற்றம் வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்திருந்தாலும் 24 வயதில் உடனே வெட்டி எடுக்க ஒன்றும் இல்லை, 25-லிருந்து வருடா வருடம் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பார்கள். அதனால் நாளைக்கே ஓட வேண்டாம் என்றேன். மனதைத் தயார் செய்துகொண்டு, பாலிசி எடுத்துக்கொண்டு, ஆலோசகர் இருக்கும் இடத்தில் போய், அம்மாவுக்கு வந்த அதே ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது செலவும் குறைவு, அர்த்தம் தெரியாத வரிகளும் வராது.

மாமா மகன் விஷயம் தனி. அம்மாவுக்கு இது தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்திருக்கும், அப்படியென்றால் மாமாவுக்கும் பாதி வாய்ப்பு, அவர் மகனுக்குக் கால். உங்கள் இருவரிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டுப்போய் ஃபான்கோனி அனீமியா என்ற கொடிய நோய் வர நான்கில் ஒன்று. மொத்தமாக 32-ல் ஒன்று. பயப்படுத்தச் சொல்லவில்லை, உங்கள் இருவரில் ஒருவருக்கு இல்லை என்று தெரிந்தாலே இந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். அதனால் டெஸ்ட் எடுப்பதானால் கல்யாணத்துக்கு முன் எடுப்பது நல்லது, அவரும் எடுக்கட்டும், உங்களை மட்டும் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாமாவுக்கும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று நினைப்பார்கள், பிஆர்சிஏ-2 இருந்தால் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு கூடும், 40 வயதிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நீங்கள் உங்களைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்குச் சித்தியைப் பற்றித்தான் கவலை. அவருக்கு 41. பிஆர்சிஏ-2 இருக்கிறது என்று தெரிந்தால், பிள்ளை பெற்று முடித்தவர்களுக்குச் சினைப்பையையும் குழாயையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் யோசனை சொல்லும் வயதே 40-லிருந்து 45. உங்கள் அம்மாவுக்கு நோய் வந்த 47-க்கு அவருக்கு ஆறு வருடம் இருக்கிறது. அவருக்கும் பாதிக்குப் பாதிதான், உங்களுக்கு இருக்கும் அதே பாதி, ஆனால் உங்களிடம் இருக்கும் அவகாசம் அவரிடம் இல்லை. கல்யாண வீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று வீட்டில் தயங்குவது புரிகிறது. சொல்வதற்கு அம்மாவின் அனுமதி வேண்டும், அது அவருடைய ரிப்போர்ட். முதலில் அம்மாவிடம் பேசுங்கள், அவரே சொல்வது நல்லது, முடியாவிட்டால் ஆலோசகர் எழுதும் குடும்பக் கடிதம் என்று ஒன்று உண்டு, கேட்டால் எழுதித் தருவார்கள், அதைக் கையில் கொடுத்தால் போதும். அந்த ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.